அந்தப் பாட்டுக்கு அது இடமில்லை

1987 டிசம்பரில், பம்பாய் பக்கத்து டோம்பிவிலியில் ஒரு நிச்சயதார்த்த வீட்டில் நான் ஒரு பாட்டுப் பாடினேன். மாப்பிள்ளை என் அலுவலகத் தோழர். சாப்பாடு முடிந்து ஜமக்காளம் விரித்து, ஆளுக்கொரு பாட்டு என்று சுற்று போய்க்கொண்டிருந்தது. என் முறை வந்ததும், முழுசாக மனப்பாடமாயிருந்த ஒரே இந்திப் பாட்டை எடுத்துவிட்டேன். 'அஜீப் தாஸ்தான் ஹை யே.' படகு ஆடுகிற மாதிரி ஒரு தாளம், லதாவின் இளம் குரல். நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டு ரேடியோவில் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். பாதியில் கண்ணைத் திறந்தால் பெண்ணின் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை தரையைப் பார்க்கிறார். கைத்தட்டல் மட்டும் பலமாக இருந்தது.

திரும்பி வரும்போது மாடி வீட்டுப் பெரியவர் சாச்சாதான் விஷயத்தை உடைத்தார். "பேட்டா, அந்தப் பாட்டை யார் யாருக்குப் பாடுறான்னு தெரியுமா?"

தெரியாது. 1960இல் வந்த படம், 'தில் அப்னா அவுர் ப்ரீத் பராயி'. மீனா குமாரி நர்ஸ். அவர் மனதில் இருக்கும் டாக்டர் ராஜ்குமாருக்கு வேறொரு பெண்ணோடு கல்யாணம் ஆகிவிடுகிறது. அந்தக் கொண்டாட்டம் படகில் நடக்க, பாடச் சொன்னவர்களுக்காக மீனா குமாரி பாடுகிறார். வாழ்த்துகள், நீ ஒருத்தியின் கண்ணொளி ஆகிவிட்டாய். ஒருத்திக்கு இவ்வளவு பக்கத்தில் போனதால் மற்ற எல்லாருக்கும் தூரமாகிவிட்டாய். ஷைலேந்திராவின் வரிகள். சங்கர்-ஜெய்கிஷன் அதற்குப் போட்ட மெட்டு, வார்த்தை தெரியாதவன் காதில் பிக்னிக் பாட்டாகத்தான் விழும். மாப்பிள்ளையைப் பறிகொடுத்தவளின் பாட்டைப் பெண் வீட்டார் முன்னால், மாப்பிள்ளை முகத்துக்கு நேரே பாடியிருக்கிறேன்.

போன வாரம் மகள் ஒரு வேலை கொடுத்தாள். "அப்பா, மழைக்கு, பயணத்துக்கு, கல்யாண வீட்டுக்கு, தூக்கம் வராத ராத்திரிக்குன்னு தனித்தனியா பழைய இந்திப் பாட்டு ப்ளேலிஸ்ட் போட்டுத் தா." உட்கார்ந்தேன். ஒவ்வொரு பாட்டையும் ஒரு பெட்டியில் போடும்போதும் சாச்சாவின் கேள்வி குறுக்கே வந்தது. யார் யாருக்குப் பாடுறா? பெட்டிகள் கலைந்துகொண்டே இருந்தன. இந்தக் கட்டுரை அந்தக் கலைச்சல்தான்.

எனக்கு இந்திப் பாட்டு வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். 'இந்தி ஒழிக' என்று தார் எழுத்து மங்காமல் நின்ற சுவரைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போவேன். சாயங்காலம் வீட்டில் அதே இந்தி பாட்டாக ஒலிக்கும். இதில் முரண் இருப்பதாக எங்கள் தெருவில் யாருக்கும் பட்டதில்லை. கடற்கரை ஊர் என்பதால் இலங்கை வானொலி எங்களுக்கு உள்ளூர் நிலையம் போல. 1952இல் பி.வி. கேஸ்கர் மத்திய அமைச்சராக இருந்தபோது ஆகாசவாணியில் சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தார்கள். நேயர்கள் கூட்டமாக இலங்கைக்குக் காதைத் திருப்பினார்கள். அதே ஆண்டு முடிவில் அங்கே அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' என்ற பாட்டுத் தரவரிசை நிகழ்ச்சி தொடங்கிவிட்டது. 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கித்தான் ஆகாசவாணி அவர்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. நான் கேட்டதெல்லாம் எழுபதுகளில். புதன்கிழமை இரவு எட்டு மணி. மளிகைக் கடையை மூடிவிட்டு வரும் அப்பாவுக்கு இந்தியில் ஒரு சொல் தெரியாது. 'பஹனோ அவுர் பாயியோ' என்று சயானி ஆரம்பித்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். தரவரிசையில் ஒவ்வொரு இடத்தையும் சயானி 'பாய்தான்' என்பார். அது ஒரு ஊர் பெயர் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். படிக்கட்டு என்று அர்த்தமாம்.

ஆக, பத்து வருஷம் பொருள் தெரியாமல் கேட்டேன். எது சோகம், எது குஷி என்பதைக் காதே முடிவு செய்தது. பிறகு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்து, 22 வயதில் தாதர் எக்ஸ்பிரஸில் பம்பாய் வந்து இறங்கினேன். டோம்பிவிலியில் மூன்று பிரம்மச்சாரிகளோடு இரண்டாவது மாடி. எங்களுக்கு மேலே சாச்சாவும் சாச்சியும். லக்னோக்காரர்கள். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். அந்த நிச்சயதார்த்த இரவுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை மேலே கூப்பிட்டு, கேசட்டை நிறுத்தி நிறுத்தி வரி வரியாக அர்த்தம் சொல்வார். சாச்சி மேத்தி பராத்தா போடுவார். நான் இந்தி படித்தது அப்படித்தான்.

முதலில் மழை. பம்பாயில் ஜூன் இரண்டாவது வாரம் வானம் இறங்கிவிட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பாட்டு. 'ரிம்ஜிம் கிரே சாவன்.' 1979இல் வந்த 'மன்ஸில்', யோகேஷ் வரிகள், ஆர்.டி. பர்மன் இசை. இது இரண்டு தடவை வரும். ஒன்று கிஷோர் குமார் குரலில், வீட்டுக்குள்ளே ஒரு கூட்டத்தின் நடுவில் அமிதாப் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்து பாடுவது. இன்னொன்று லதா குரலில். அமிதாபும் மௌஷுமி சட்டர்ஜியும் ஊர் நடுவே நிஜ மழையில் நடக்கிறார்கள். மரைன் டிரைவ் சுவரில் அலை மோதித் தெறிக்கிறது, ஓவல் மைதானம் குளமாக நிற்கிறது. கோட்டும் டையும் தொப்பலாக நனைந்தும் அந்த மனிதர் கழற்றவில்லை. இயக்கிய பாசு சட்டர்ஜி செட்டு போட்டு மழை பெய்ய வைத்திருந்தால் இது இன்னொரு மழைப் பாட்டாகப் போயிருக்கும். கிஷோர் பாடுவது மழையை ஜன்னல் வழியாகப் பார்க்கிறவனுக்கு, லதா பாடுவது குடையை வீட்டில் மறந்தவனுக்கு. சர்ச்கேட்டில் இறங்கி முழங்கால் தண்ணீரில் ஆபீஸ் போனவன் என்ற முறையில் என் ஓட்டு லதாவுக்கு.

மழைப் பெட்டியில் இன்னொன்றும் போட்டேன். 'போலே ரே பப்பிஹரா.' 1971இன் 'குட்டி', வசந்த் தேசாய் இசை, மியான் கி மல்ஹார் ராகம். பாடியவர் நம் வேலூர் வாணி ஜெயராம். வங்கி வேலையோடு பம்பாய் வந்து, உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் இந்துஸ்தானி படித்தவர். அவருக்கு அதுதான் முதல் இந்திப் படம். அதே படத்தில் அவர் பாடிய 'ஹம்கோ மன் கி சக்தி தேனா' வட இந்தியாவில் எத்தனையோ பள்ளிக்கூடங்களில் காலைப் பிரார்த்தனையாகிவிட்டது. சினிமாப் பாட்டு என்று தெரியாமலே பிள்ளைகள் கைகூப்பிப் பாடுகிறார்கள். என் மகளும் அப்படித்தான் பாடினாள். அவளுக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சரிடம் இது எங்கள் ஊர்க்காரம்மா பாடினது என்று பெருமையாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

அடுத்து வீடு. இப்படி ஒரு மனநிலை இருப்பது பம்பாய்க்கு வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. கல்யாணத்துக்குப் பின் நான் தனி வீடு பார்த்தேன். அப்போது அங்கே வாடகைக்கு விட்டவர்கள் பதினொரு மாத ஒப்பந்தத்துக்கு மேல் எழுதமாட்டார்கள். பன்னிரண்டாவது மாதம் பாத்திரம் பண்டத்தோடு தெருவில் நிற்க வேண்டும், அல்லது டெபாசிட்டை ஏற்றிக் கொடுக்க வேண்டும். அந்த நாட்களின் பாட்டு 'ஏக் அகேலா இஸ் ஷஹர் மே'. 1977, 'கரோண்டா', குல்சார் எழுதி, ஜெய்தேவ் இசையில் பூபிந்தர் பாடியது. பகல் வெறும் பாத்திரம், இரவு பாழுங்கிணறு என்று வரும். படத்தில் அமோல் பாலேகரும் ஜரீனா வஹாபும் ஒரு ஃப்ளாட்டுக்காகக் காசு காசாகச் சேர்த்துக் கட்ட, பில்டர் அத்தனையையும் சுருட்டிக்கொண்டு ஓடிவிடுகிறான். இதே படத்தின் 'தோ தீவானே ஷஹர் மே' பாட்டை ஜாலிப் பாட்டாக அந்தாக்ஷரியில் பாடுவார்கள். அதுவும் வீடு தேடுகிற பாட்டுதான். ஜோடி சேர்ந்து தேடினால் ஜாலி, தனியாகத் தேடினால் பாழுங்கிணறு. தேடுகிற வீடு என்னவோ ஒன்றே.

வீடு மாற்றும்போதெல்லாம் டெம்போவில் சாமான் ஏற்றிக்கொண்டே நான் முணுமுணுத்தது வேறு. 'மேரா குச் ஸாமான்.' என் சாமான் கொஞ்சம் உன்னிடம் கிடக்கிறது, திருப்பி அனுப்பிவிடு. சாமான் என்ன? நனைந்த சில மழை நாட்கள், ஒரு கடிதத்தில் சுருட்டி வைத்த ஓர் இரவு, 116 நிலா இரவுகள், உன் தோளில் ஒரு மச்சம். 1987இன் 'இஜாஸத்'. சந்தம் இல்லாத இந்தக் குல்சார் வரிகளை நீட்டியதும், நாளைக்குச் செய்தித்தாளைக் கொண்டு வந்து மெட்டுப் போடச் சொல்வாய் போலிருக்கிறதே என்று ஆர்.டி. பர்மன் கிண்டலடித்த கதை பிரசித்தம். குல்சாருக்கும் பாடிய ஆஷாவுக்கும் தேசிய விருது கிடைத்தது. மெட்டுப் போட்டவருக்கு இல்லை. பிரிவுக்கு உருகும் பாட்டை நான் கேஸ் அடுப்பைச் சாக்கில் கட்டும்போது பாடியிருக்கிறேன். குல்சார் மன்னிப்பார். அவரும் அந்த ஊரில் வாடகைக்கு இருந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது ஒரு மனிதரைப் பற்றி. ப்ளேலிஸ்ட் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். குடும்பத்தில் நடக்கிற காரியங்களுக்கான பாட்டுகளில் மூன்றில் ஒரே முகம் நிற்கிறது. பல்ராஜ் சாஹ்னி. அவர் டூயட் பாடி மரத்தைச் சுற்றிய ஆள் இல்லை. வேட்டி, தாடி, தலைப்பாகை, சால்வை, எது போட்டாலும் அந்த வீட்டு ஆள் போலிருப்பார்.

வெள்ளிவிழாக் கல்யாண நாள், அறுபதாம் கல்யாணம் என்றால் வடக்கே யாராவது ஒரு மாமா எழுந்து மனைவியைப் பார்த்து 'ஏ மேரி ஜோஹ்ரா ஜபீன்' பாடாமல் விடமாட்டார். 1965இன் 'வக்த்', ரவி இசையில் மன்னா டே. உனக்குத் தெரியவில்லையா, நீ இன்னும் அழகிதான், நான் இன்னும் வாலிபன்தான். சாச்சாவும் பாடுவார். சாச்சி கரண்டியோடு சமையலறைக்குள் ஓடிவிடுவார். இந்தப் பாட்டு முடிந்த கையோடு படத்தில் என்ன நடக்கிறது? பூகம்பம். வீடு இடிந்து, அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், மூன்று பிள்ளைகள் மூன்று பக்கம். படம் மிச்சமெல்லாம் அவர்கள் தேடிச் சேருகிற கதை. கல்யாண நாளில் இதைப் பாடுகிற எந்த மாமாவும் அடுத்த காட்சியை நினைப்பதில்லை, நல்லவேளை.

பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற பிதாயி நேரத்துக்கு 'பாபுல் கி துவாயே லேதி ஜா'. 1968இன் 'நீல் கமல்', ரஃபி. புகுந்த வீட்டில் உனக்கு அத்தனை அன்பு கிடைக்கட்டும், பிறந்த வீட்டு நினைவே வராமல் போகட்டும் என்கிறார் பாட்டு எழுதிய சாஹிர். பேண்டுக்காரர்கள் கிளாரினெட்டில் இதை எடுத்தாலே போதும், பெண் வீட்டு ஆண்கள் திரும்பி நின்று மூக்கைத் துடைப்பார்கள். படத்தில் அப்பாவாக சாஹ்னி, பெண்ணாக வஹீதா ரஹ்மான். அவர் செங்கல்பட்டில் பிறந்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அப்பாவின் அத்தனை ஆசியும் படத்தில் பலிக்கவில்லை. புகுந்த வீட்டில் அந்தப் பெண் படாத பாடு படுகிறாள்.

மூன்றாவதுதான் எனக்கு நெருக்கம். 'ஏ மேரே ப்யாரே வதன்.' 1961இன் 'காபூலிவாலா', சலீல் சௌத்ரி இசை, பிரேம் தவன் வரிகள், மீண்டும் மன்னா டே. ஆகஸ்ட் 15 காலை எங்கள் சொசைட்டியில் கொடியேற்றி, லட்டு கொடுக்கும்போது ஒலிபெருக்கியில் இது கட்டாயம் உண்டு. என் அருமைத் தாய்நாடே, பிரிந்த என் தோட்டமே, உன் மேல் என் உயிர் காணிக்கை. கேட்கிறவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறார்கள். பாட்டின் தாய்நாடு ஆப்கானிஸ்தான். கல்கத்தாவில் உலர்பழம் விற்கும் ஒரு பட்டாணியர் காபூலில் விட்டுவந்த மகளை நினைத்துக் கிடக்கும் இரவில் வருகிறது. பட்டாணியராக நடித்த சாஹ்னியின் ஊர் ராவல்பிண்டி, பிரிவினையில் அந்தப் பக்கம் போய்விட்டது. உன் திசையிலிருந்து வரும் காற்றுக்கும் என் வணக்கம் என்று ஒரு வரி வரும். நான் அதை வி.டி. ஸ்டேஷனிலிருந்து வரும் கடைசி லோக்கலில், கதவோரம் நின்றுகொண்டு, உப்புக்காற்று முகத்தில் அடிக்க எத்தனையோ நாள் பாடியிருக்கிறேன். அது அரபிக்கடல் காற்று. என் ஊர்க் காற்று நாட்டின் அடுத்த பக்கத்தில் வீசுவது. இருந்தாலும் பாடினேன்.

கல்யாண ஊர்வலப் பெட்டியில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பாராத் என்றால் 'நாகின்' மெட்டு, 1954. ஒருவர் கைக்குட்டையை வாயில் கவ்வி மகுடியாக்குவார், இன்னொருவர் ரோட்டில் படுத்துப் புரளுவார். படத்தில் ஆடியவர் வைஜயந்திமாலா. ஹேமந்த் குமார் இசையில் வரும் அந்த மகுடி, மகுடியே இல்லை. கிளாவயலின் என்ற மின்சார வாத்தியம், வாசித்தவர் பின்னாளில் கல்யாண்ஜி-ஆனந்த்ஜி இரட்டையரில் ஒருவரான கல்யாண்ஜி. பாம்புக்கே வெளிக்காது கிடையாது, மகுடி அசலாக இருந்து என்ன ஆகப்போகிறது.

அம்மா ஒரு தடவை பம்பாய் வந்திருந்தாள். அப்பா போனதற்கு அடுத்த வருஷம். தூக்கம் வராமல் ஹாலில் உட்கார்ந்திருந்தவளுக்காக மெதுவாக 'லக் ஜா கலே' போட்டேன். 1964, 'வோ கௌன் தீ', மதன் மோகன், லதா. இந்தப் பிறவியில் மறுபடி சந்திப்போமோ மாட்டோமோ என்று போகும் பாட்டு. அர்த்தம் சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசிக்கையில், அம்மா கூடவே முணுமுணுக்க ஆரம்பித்தாள். 'பொன்மேனி தழுவாமல்...'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"இது சுசீலா பாட்டுடா. ஜெயலலிதா, ஜெய்சங்கர். 'யார் நீ'. உங்கப்பாவும் நானும் டூரிங் கொட்டகையில பார்த்தோம்."

அந்த இந்திப் படம்தான் 1966இல் தமிழில் 'யார் நீ?' ஆனது. இந்தி மெட்டுகளை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருவதில் பேர் போன வேதா இசை. 'நைனா பர்சே' அதில் 'நானே வருவேன்' ஆனது, 'லக் ஜா கலே' பொன்மேனி ஆனது. நான் பிரிவுப் பாட்டு என்று பயந்து பயந்து போட்டது, அம்மாவுக்குக் கல்யாணமான புதிதில் அப்பாவோடு மணலில் உட்கார்ந்து பார்த்த படம். விடிய விடியப் போடச் சொல்லிக் கேட்டாள். காப்பியடித்த மெட்டு என்று வேதாவைக் கிண்டல் செய்தவர்களில் நானும் ஒருவன். அன்றோடு விட்டுவிட்டேன்.

கடைசியாக ஒரு பாட்டு. 'மேரே பியா கயே ரங்கூன்.' 1949இன் 'பதங்கா', சி. ராமச்சந்திராவும் ஷம்ஷாத் பேகமும். ரங்கூன் போன புருஷன் தேராதூனில் இருக்கும் பெண்டாட்டிக்கு டெலிபோன் போட்டு, உன் நினைவு வாட்டுகிறது என்கிறான். சுத்தமான கோமாளிப் பாட்டு. குழந்தைகள் வாழைப்பழத்தைக் காதில் வைத்துக்கொண்டு ஆடும். சாச்சா-சாச்சிக்குக் கல்யாணம் ஆன வருஷமும் 1949தான். புதுப்பெண்ணை லக்னோவில் விட்டுவிட்டு ரயில்வே வேலைக்கு அவர் பம்பாய் வந்தபோது, கொழுந்தன்மார் இந்தப் பாட்டைப் பாடித்தான் சாச்சியைச் சீண்டுவார்களாம்.

ஆர்.டி. பர்மன் காலமான 1994இல், மழைக்காலத்தில் சாச்சி தவறிப்போனார். காரியமெல்லாம் முடிந்து, வந்த உறவுக்காரர்கள் திரும்பிப் போய், நாலைந்து நாள் இருக்கும். நான் அப்போது இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தேன். ராத்திரி சாப்பாடு எடுத்துக்கொண்டு போனால், மாடிப்படியிலேயே ஷம்ஷாத் பேகம் குரல் கேட்கிறது. அந்த டெலிபோன் பாட்டு. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து என்னைப் பார்த்து, நீயாவது சொல்லேன் என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

உள்ளே போனேன். சாச்சா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சத்தத்தைக் குறைக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்," என்றார். "ரங்கூன் போற முறை என்னோடதுன்னு நினைச்சிட்டிருந்தேன், பேட்டா."

டப்பாவைத் திறந்து, சாதத்தைப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டார். பாட்டு முடிந்தது. சாப்பாட்டுக் கை ஆனதால் இடது கையால் கேசட்டைப் பின்னோட்ட முயன்று, முடியாமல், என்னைப் பார்த்தார். நான் பொத்தானை அமுக்கினேன்.